15 வயது நாய், 2 கோடி வயது மரம்

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது மரத்தைத் தட்டிப் பார்ப்பதுதான். கண்ணுக்கு அது மரமாகத்தான் தெரிகிறது. கிளை ஒடிந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது, நார் ஓடிய வரி இருக்கிறது, பிளந்த பக்கத்தில் கை வைத்தால் சிராய் ஏறிவிடுமோ என்று தோன்றுகிறது. விரல் முட்டியால் தட்டினால்தான் ‘ணங்’ என்று கல்லின் சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது புதுச்சேரியிலிருந்து எங்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போனார்கள். தட்டிய விரல் சாயங்காலம் வரை வலித்தது.

பல வருஷம் கழித்து ‘ஃபியூச்சுராமா’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் ஒரு காட்சியைப் பார்த்தபோது அந்த ‘ணங்’ மறுபடி காதில் கேட்டது. கதாநாயகன் ஃப்ரை ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிறான். எதிரே கல்லாகிப்போன ஒரு நாய். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவன் வளர்த்த நாய் அது.

2002 நவம்பர் 17 அன்று முதலில் ஒளிபரப்பான அத்தியாயம் இது. பெயர் ‘ஜுராசிக் பார்க்’. டைனோசர் படத்தின் பெயரை வைத்து விளையாடியிருக்கிறார்கள். படத்தில் ‘பார்க்’ என்பது பூங்கா, இங்கே ‘பார்க்’ என்பது நாயின் குரைப்பு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், உச்சரிப்பில்தான் வித்தியாசம். இதை எழுதியவர் எரிக் கேப்லன், இயக்கியவர் ஸ்விண்டன் ஸ்காட். 2003இல் எம்மி விருதுக்குப் பரிந்துரையாகி, ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் ஓர் அத்தியாயத்திடம் தோற்றது. இரண்டு தொடர்களையும் உருவாக்கியவர் மேட் கிரேனிங் என்பதால் விருது ஒரே வீட்டுக்குள்தான் கைமாறியது. ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாகியும் மக்கள் பேசிக்கொண்டிருப்பது தோற்ற அத்தியாயத்தைப் பற்றித்தான்.

முடிவு உட்பட முழுக் கதையையும் இங்கே சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். வெறும் 20 நிமிஷம் சொச்சம்தான்.

தொடரின் அடிப்படை எளிமையானது. ஃப்ரை நியூயார்க்கில் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். 1999 டிசம்பர் 31 இரவு, உடல்களை உறையவைத்துப் பாதுகாக்கும் ஒரு நிறுவனத்துக்கு பீட்ஸா எடுத்துப் போனவன், அங்கிருந்த உறைபெட்டிக்குள் தவறி விழுகிறான். கண் விழிக்கும்போது 2999 டிசம்பர் 31. அப்பா, அம்மா, அண்ணன், தெரிந்த தெரு, தெரிந்த ஊர் எதுவும் இல்லை. இந்த இழப்பை அடியில் வைத்துக்கொண்டு மேலே நகைச்சுவையாக ஓடும் தொடர் இது. எழுத்தாளர் அறையில் அறிவியல் படித்தவர்கள் நிறையப் பேர். கிரேனிங்கோடு சேர்ந்து தொடரை வளர்த்தெடுத்த டேவிட் எக்ஸ். கோஹென், ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். எழுத்தாளர் கென் கீலர் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2010இல் ஓர் அத்தியாயத்தின் கதை முடிச்சை அவிழ்ப்பதற்காக அவர் ஒரு கணிதத் தேற்றத்தையே நிறுவிக் காட்டினார். இப்படிப்பட்டவர்கள் ஒரு நாயைக் கல்லாக்கினால் அதற்குப் பின்னால் என்ன யோசனை இருந்திருக்கும் என்று தேடிப் பார்க்கத் தோன்றும்.

அத்தியாயத்தில் நடப்பது இதுதான். ஃப்ரை வேலை பார்த்த பீட்ஸா கடையைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் நாய் தன்னுடைய சீமோர் என்று ஃப்ரைக்குத் தெரிந்துவிடுகிறது. வாசலில் மூன்று நாள் ஆட்டம் போட்டுப் போராட்டம் நடத்தி நாயை வாங்கிக்கொண்டு வருகிறான். பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் அதை ஆராய்ந்து, நாய் வழக்கத்துக்கு மாறாக மிக வேகமாகக் கல்லாகியிருக்கிறது, அதனால் அதன் நினைவும் குணமும் மாறாமல் படியெடுத்து (குளோனிங் செய்து) உயிரோடு கொண்டுவர முடியும் என்கிறார். ஃப்ரைக்குத் தலைகால் புரியவில்லை. நண்பனான ரோபோ பெண்டருக்கோ பொறாமை. நாயைத் தூக்கி எரிமலைக் குழம்பில் போட்டுவிடுகிறான். ஃப்ரை உடைந்துபோவதைப் பார்த்ததும் மனம் மாறி, தானே குதித்து எடுத்து வருகிறான். நாயைச் சுற்றியிருப்பது டோலமைட் என்ற கனிமம், அது சூட்டைத் தாங்கும்; பெண்டரின் உடம்பிலும் 40 சதவீதம் டோலமைட் உண்டு என்று ஒரு விளக்கம் வருகிறது. கடைசியில் எல்லாம் தயாராகி பொத்தானை அழுத்தும் நேரத்தில், நாய் இறந்தபோது அதன் வயது 15 என்று தெரியவருகிறது.

அந்த 15க்கு அப்புறம் வருகிறேன். முதலில் கல்லைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கல் நம் ஊர் விஷயம்.

புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்காகப் பௌர்ணமிதோறும் கூட்டம் சேரும் ஊர். கோயிலுக்குப் பக்கத்திலேயே கல்மரங்கள் கிடக்கின்றன. எங்கள் பெரியப்பா ஒரு முறை கூட்டிப்போனபோது, “இதெல்லாம் அசுரனோட எலும்புடா, காளி கொன்னு போட்டது” என்றார். கிடக்கிற கிடையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை நீளமான தண்டுகள் மண்ணில் பாதி புதைந்து படுத்திருக்கின்றன. சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781இலேயே இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக இருக்கிறது. மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

மரம் எப்படிக் கல்லாகிறது? ‘மாறுகிறது’ என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடும். மரம் கல்லாக மாறுவதில்லை. மரம் போய், அது இருந்த இடத்தில் கல் வந்து உட்காருகிறது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலுக்குள் வேகமாகப் புதைய வேண்டும். காற்று புகாவிட்டால்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் சீக்கிரம் தின்று தீர்க்காது. அப்புறம் நிலத்தடி நீர் வேலையை ஆரம்பிக்கிறது. மணற்கல்லின் கனிமங்களிலிருந்து கரைந்த சிலிக்காவை அந்த நீர் மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொண்டுபோய்ப் படியவைக்கிறது. செல் சுவர் மெல்ல மட்கிப் போகப் போக அந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. வார்ப்படம் எடுப்பது போலத்தான், ஆனால் செல் செல்லாக. அதனால்தான் இன்றைக்கும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து எந்தக் குடும்பத்து மரம் என்று தாவரவியலாளர்களால் சொல்ல முடிகிறது. திருவக்கரைத் தண்டுகளில் வேரும் கிளையும் இலையும் கிடையாது. அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ நின்று வாழ்ந்து, ஆற்றோடு வந்து சேர்ந்தவை என்று புவியியலாளர்கள் சொல்வது அதனால்தான்.

இந்தத் தண்டுகள் புதைந்திருக்கும் பாறைக்குப் பெயர் கடலூர் மணற்கல். நம் கடலூரேதான். கேப்பர் மலைப் பக்கம் போனால் சரிவெல்லாம் செக்கச்செவேலென்று தெரியுமே, அந்தப் பாறைதான் திருவக்கரை வரை நீள்கிறது. அதே பாறைக்குக் கீழேதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இரண்டுமே ஒரு காலத்தில் மரம். சிலிக்கா கலந்த நீர் ஊறிய மணலில் புதைந்தது கல்லாயிற்று. சதுப்பு நிலத்தில் தேங்கிய நீருக்கடியில் அடுக்கடுக்காக அமுங்கியது கரியாயிற்று. கல்லான மரத்தில் வடிவம் அப்படியே இருக்கிறது, மரத்தின் பொருள் இல்லை. கரியான மரத்தில் பொருளின் கார்பன் இருக்கிறது, வடிவம் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் திருவக்கரைக் கட்டை எரியாது, நெய்வேலிக் கட்டி எரியும். நாங்கள் கடலூரில் இருந்தபோது டி.வி. ஓடியதே நெய்வேலி மின்சாரத்தில்தான்.

சரி, சீமோருக்கு வருவோம். ஒரு நாய் ரோமம், காது, மூக்கு எல்லாம் அப்படியே இருக்க முழு உடம்போடு கல்லாக முடியுமா? சாதாரணமாக முடியாது. சதை மிக வேகமாக அழுகிவிடும். எலும்பும் பல்லும்தான் தொல்லுயிர் எச்சமாக நிற்கும், அதற்கும் ஆயிரம் வருஷம் போதாது. ஆனால் ‘மிக வேகமாக’ என்று பேராசிரியர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டு வைத்து ஆராய்ந்தார்கள். ஏழு ஆண்டுகளில் அவற்றின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் சிலிக்கா ஏறியிருந்தது. சூழ்நிலை அமைந்தால் கல் அவசரப்படும்.

நிஜ உலகில் சீமோருக்கு மிக நெருக்கமான நாய் இத்தாலியின் பழைய நகரமான பாம்பெய்யில் இருக்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த ஒரு நாய் சாம்பலுக்குள் புதைந்தது. உடல் மட்கிப்போக, இறுகிய சாம்பலில் நாயின் உருவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சியது. 1874இல் தோண்டியவர்கள் அந்தக் குழிக்குள் சுண்ணச்சாந்தை ஊற்றி வார்த்தெடுத்தார்கள். முதுகு வளைந்து, கால்கள் மேலே தூக்கியபடி, கழுத்துப் பட்டையோடு இருக்கும் அந்த வார்ப்பின் படம் பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே இருப்பது நாய் இல்லாமல்போன இடத்தின் வடிவம்தான். திருவக்கரை மரமும் ஒரு வகையில் அதே கதைதான்.

இதனால்தான் படியெடுக்கும் விஷயத்தில் அத்தியாயம் நிஜத்தை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. டி.என்.ஏ. கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டே போகும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, அந்தக் குளிர்ந்த மண்ணில் 521 ஆண்டுகளுக்கு ஒரு தடவை அது பாதியாகக் குறைகிறது என்று கணக்கிட்டது. ஆயிரம் வருஷத்து எலும்பில் டி.என்.ஏ. கிடைப்பது இன்று அதிசயமில்லை. ஆனால் செல்லின் பொருளெல்லாம் போய் அங்கே கனிமம் உட்கார்ந்துவிட்டால் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. துண்டு துண்டாக டி.என்.ஏ. கிடைத்தாலும் அதை வைத்து மட்டும் நாயைப் படியெடுக்க முடியாது, உயிருள்ள செல்லின் உட்கரு வேண்டும். முதல் படியெடுப்பு நாயான ஸ்னப்பி 2005இல் தென்கொரியாவில் பிறந்தது ஓர் உயிருள்ள நாயின் காதுத் தோல் செல்லிலிருந்துதான். அதற்கே 1,095 கருக்களை 123 நாய்களின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். பிறந்தவை இரண்டு குட்டிகள், அதில் ஒன்று 22 நாளில் நிமோனியாவில் இறந்தது.

நினைவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்னப்பிக்கு மூல நாயின் முகம் இருந்தது, அது கண்ட எதுவும் இதற்குத் தெரியாது. நினைவு மரபணுவில் எழுதப்படுவதில்லை, மூளையில் நரம்பு செல்களுக்கிடையே வாழ்க்கை போட்ட பாதைகளில் இருக்கிறது. கல் அதை எடுத்து வைத்துக்கொள்ளாது.

டோலமைட் வேறு கதை. அது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். பெயர் வந்தது தியோதா தொலோமியூ என்ற பிரெஞ்சுப் புவியியலாளரை வைத்து, 1792இல். திருவக்கரை மரங்களைப் பற்றி எழுதிய சொன்னராவின் சமகாலத்தவர் அவர். அத்தியாயத்தில் அதைக் கறுப்புக் கனிமம் என்கிறார்கள், உண்மையில் பெரும்பாலும் வெள்ளை, சாம்பல் அல்லது இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். எரிமலைக் குழம்பின் சூடு 700 முதல் 1200 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் டோலமைட் உருகாது, அதுவரை எழுத்தாளர்கள் சொன்னது சரி. ஆனால் கரியமில வாயுவை வெளியே தள்ளிவிட்டுச் சுட்ட சுண்ணாம்பு போல ஆகிவிடும். அப்படிச் சுட்ட டோலமைட்டைச் செங்கல்லாக்கி உருக்காலை உலைகளுக்கு உள்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் சீமோரைத் திருவக்கரைக் கல்லிலேயே செய்திருக்கலாம். சிலிக்கா உருக 1700 டிகிரி வேண்டும்.

இப்போது அந்த 15.

ஃப்ரை கணக்குப் போடுகிறான். தான் உறைபெட்டியில் விழுந்தபோது சீமோருக்கு 3 வயது. இறந்தது 15 வயதில். அப்படியென்றால் தான் போன பிறகு 12 வருஷம் வாழ்ந்திருக்கிறது. முழு வாழ்க்கை அது. என்னை எப்போதோ மறந்திருக்கும், வேறு யாரையாவது நேசித்திருக்கும், அதை எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லி, எழுப்பும் வேலையை அவனே நிறுத்திவிடுகிறான். அன்பினால் எடுத்த முடிவுதான். கேட்கும்போது நமக்கும் நியாயமாகப் படுகிறது.

உடனே காட்சி மாறுகிறது. ஃப்ரை கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது, நான் வரும் வரை இங்கேயே இரு என்பதைத்தான். பீட்ஸா கடை வாசலில் சீமோர் உட்கார்ந்திருக்கிறது. கோனி ஃபிரான்சிஸ் குரலில், உனக்காகக் காத்திருப்பேன் என்ற பழைய பாட்டு ஆரம்பிக்கிறது. வசனம் ஒரு வார்த்தை கிடையாது. வெயில், மழை, இலையுதிர்வு, பனி. கடைக்காரருக்கு வயதாகிறது. நாயின் ரோமம் மங்குகிறது. உட்கார்ந்திருந்தது படுக்கிறது. கடைசியில் கண்ணை மூடுகிறது. அத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

பார்த்த முதல் தடவை, இது சோகம் என்று மட்டும்தான் தோன்றியது. இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் எங்கே வலிக்கிறது என்று பிடிபட்டது. நாய் காத்திருந்தது நமக்குத் தெரிகிறது, ஃப்ரைக்குத் தெரியவில்லை. இனி எப்போதும் தெரியப்போவதும் இல்லை. அவன் கையில் இருந்த ஒரே ஆதாரம் ஒரு எண். அதை அவன் சரியாகத்தான் கழித்தான், 15இல் 3 போனால் 12தான். அந்த 12 எப்படிப்பட்டது என்று சொல்ல கல்லில் எதுவும் இல்லை. திருவக்கரையில் ஒரு தண்டின் அகலத்தையும் செல்லையும் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம், வயதைச் சொல்லலாம், வெள்ளத்தில் வந்தது என்று சொல்லலாம். அது எந்தக் கரையில் நின்றது, அதன் நிழலில் எது படுத்திருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

இதே தொடரில் 2001இல் இதற்கு நேர்மாறான ஓர் அத்தியாயம் வந்திருந்தது. தன் பெயரையும் அதிர்ஷ்டத்தையும் அண்ணன் திருடிக்கொண்டான் என்று கோபப்பட்டு ஃப்ரை ஒரு கல்லறையைத் தோண்டப் போவான். காணாமல்போன தம்பியின் நினைவாக அண்ணன் தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறான் என்று அங்கே கல்லில் எழுதியிருக்கும். அங்கே ஃப்ரை படித்துத் தெரிந்துகொள்கிறான், அழுகிறான், நாமும் கூட அழுது லேசாகிறோம். நாய்க்கு எழுதத் தெரியாது. அதனால் இந்தத் தடவை சேதி போய்ச் சேரவே இல்லை. இந்த அத்தியாயத்தில் கல்லாகியிருப்பது ஃப்ரையின் அம்மா என்றுதான் முதலில் யோசித்தார்களாம், அது தாங்க முடியாமல் போய்விடும் என்று நாயாக மாற்றினார்கள். நாய் என்றால் கொஞ்சம் தாங்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஜப்பானின் ஹாச்சிகோ. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் பேராசிரியர் உவேனோவை எதிர்கொள்ளப் போகும் அகிடா நாய். அவர் 1925 மே மாதம் இறந்துபோனார். அது 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நியாயமான ஒப்பீடுதான். ஆனால் எனக்கு ஜப்பானுக்கு முன்னால் செங்கம் ஞாபகம் வருகிறது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள், கோவிவன். அந்தக் கோவிவன் கள்ளனைக் ‘கடித்துக் காத்திருந்தவாறு’ என்று கல்வெட்டு முடிகிறது.

‘காத்திருந்தவாறு’ என்ற சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். காவல் இருந்தது என்றுதான் அங்கே பொருள். காத்து, இருந்தது. ஆனால் அதே சொல்தான் நமக்கு ஒருவர் வருவதற்காக எதிர்பார்த்திருப்பதற்கும். தமிழில் காப்பதும் எதிர்பார்ப்பதும் ஒரே சொல்லாகிவிட்டது. கடை வாசலில் சீமோர் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் ஏழாம் நூற்றாண்டுத் தமிழில் சரியான பதில் இருக்கிறது. எழுதத் தெரிந்த மனிதர்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள், அதனால் கோவிவனின் சேதி 1,400 வருஷம் கடந்து நம்மிடம் வந்துவிட்டது.

2007இல் ஃபியூச்சுராமா முழுநீளப் படமாகத் திரும்பி வந்தபோது இந்தக் கதையைக் கொஞ்சம் தைத்துச் சரிசெய்தார்கள். காலப் பயணத்தால் உண்டான இன்னொரு ஃப்ரை கடந்த காலத்துக்கே போய் சீமோரோடு 2012 வரை வாழ்ந்தான், பெண்டர் செய்த வெடிப்பில்தான் நாய் நொடியில் கல்லானது என்று சொன்னார்கள். ‘மிக வேகமாக’ என்ற வார்த்தைக்கு ஐந்து வருஷம் கழித்து விளக்கம் கிடைத்தது. கணக்குக் கச்சிதமாக ஒத்துவருகிறது. நாய் தனியாக இருக்கவில்லை என்பதில் நிறைய ரசிகர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறை சொல்லமாட்டேன். என்னால்தான் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கடைசி நிமிஷத்தைப் பார்த்துவிட்ட பிறகு, அப்படி நடக்கவில்லை என்று சொல்வது ஆறுதலுக்காகச் சொல்வது போலத்தான் எனக்கு இருக்கிறது. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எனக்கு 12 வயதாகும்போது கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்) புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் குடிமாறினோம். எங்களிடம் மணி என்று ஒரு நாய் இருந்தது, தெருவில் கிடந்து வீட்டுக்கு வந்த நாய். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். லாரி கிளம்பும்போது அது கொஞ்ச தூரம் ஓடி வந்தது, அப்பா இறங்கிப்போய் “வீட்டுக்குப் போ” என்று அதட்டினார். அது வீட்டுக்குத் திரும்பி ஓடியது. இரண்டு வாரம் கழித்து அம்மா போன் செய்து கேட்டபோது அந்த அக்கா, “அதெல்லாம் நல்லா இருக்கு, எங்களோட ஒட்டிக்கிச்சு” என்றார். அம்மாவுக்கு நிம்மதி. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நாய்தானே, மறந்திருக்கும் என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொண்டோம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கடலூர் போனபோது அந்த அக்காவைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக மணியைப் பற்றிக் கேட்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்.

“சாப்பிடறது எங்க வீட்டுலதான் தம்பி. சாப்பிட்டதும் உங்க திண்ணைக்குப் போயிடும். புதுசா குடிவந்தவங்க நல்லவங்க, விரட்டல. காலையில அவங்க வாசல் தெளிக்கும்போது எந்திரிச்சு ஓரமா நிக்கும், கோலம் போட்டு முடிச்சதும் மிதிக்காம சுத்திவந்து மறுபடி திண்ணையில படுத்துக்கும். நானும் கூப்பிட்டுப் பாத்தேன், ராத்திரி மட்டும் வராது. மூணு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு.”

புதுச்சேரிக்குத் திரும்பி வந்ததும் கல்யாணத்தைப் பற்றி அம்மா எல்லாம் கேட்டார். யார் யார் வந்தார்கள், சாப்பாடு எப்படி, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தாயா. பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். மணியைப் பற்றிச் சொல்லவில்லை.